தீர்ப்பு வந்தால் ஆறு திரும்புமா? பாலாறு, நொய்யல் வழக்குகள்

வாணியம்பாடி வாசகர் ஒருவரின் கேள்வி (1 பிப்ரவரி 2025)

ஜனவரி 30 அன்று பாலாறு தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆறு வாரத்தில் இழப்பீடு, நான்கு வாரத்தில் கண்காணிப்புக் குழு என்கிறார்கள். 1996இலும் இதே ஆற்றுக்கு இதே நீதிமன்றம் பெரிய தீர்ப்பு சொன்னது. அப்போது நான் ஆறாம் வகுப்பு. இப்போது என் மகள் கல்லூரிக்குப் போகிறாள். எங்கள் கிணற்றுத் தண்ணீரை இன்னும் வாயில் வைக்க முடியவில்லை. நேரடியாகக் கேட்கிறேன்: வழக்குப் போட்டு ஒரு நீர்நிலையாவது தமிழ்நாட்டில் தப்பித்திருக்கிறதா? இருந்தால் ஒன்றைக் காட்டுங்கள்.

1 பிப்ரவரி, இரவு

நொய்யல்.

ஆறு பழையபடி ஆகிவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் நாளொன்றுக்கு எட்டு, பத்துக் கோடி லிட்டர் சாயத்தண்ணீர் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியது நீதிமன்றம்தான். வேறு யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கவும் மாட்டார்கள். நான் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே பிறந்தவன். நாளை விரிவாக எழுதுகிறேன்.

2 பிப்ரவரி

ஒரத்துப்பாளையம் அணை சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யலின் குறுக்கே கட்டியது. 1992இல் முடிந்தது. வெள்ளியங்கிரி மலையில் புறப்பட்டு கோவை, திருப்பூர் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிற ஆறு இது. மழைக்காலத்தில் வீணாகப் போகிற தண்ணீரைத் தேக்கிப் பாசனத்துக்குக் கொடுக்கலாம் என்பது திட்டம். எங்கள் அப்பாரு (தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அந்த நம்பிக்கையில் சோளக்காட்டைத் திருத்தி அறுபது தென்னம்பிள்ளை வைத்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. குழிக்குள் உப்புப் போட்டு நட வேண்டும் என்று அவர் சொன்னதும், கறையான் வராமலிருக்க அப்படிச் செய்வார்கள் என்று விளக்கியதும் நினைவிருக்கிறது. கைப்பிடி உப்பை அள்ளி ஒவ்வொரு குழியிலும் நான்தான் போட்டேன்.

நான்கைந்து வருடத்தில் அணையில் நின்றது மழைத்தண்ணீர் அல்ல. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் விட்ட தண்ணீர். அணை கட்டாமல் இருந்திருந்தால் அது ஓடியாவது போயிருக்கும். அணை அதைப் பிடித்து வைத்து, நிலத்துக்குள் இறக்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குக் கொடுத்தது. பாசனத்துக்கு அணையைத் திறக்க வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டிய விவசாயிகள், திறக்காதே என்று மனுக் கொடுக்கும்படி ஆனது.

கிணறு கெட்டதை முதலில் கண்டுபிடித்தது ஆத்தா. துவரம்பருப்பு வேகவில்லை. இரண்டு முறை கடையை மாற்றிப் பருப்பு வாங்கினார். மூன்றாவது முறை, சென்னிமலையிலிருந்து சைக்கிளில் குடத்தில் கொண்டுவந்த தண்ணீரில் போட்டார், வெந்துவிட்டது. அன்று மாலை அப்பாரு கிணற்று மேட்டில் உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. பிறகு மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையை உதறியது. வாய்க்கால் சுவரில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை ஏறியது. நகத்தால் சுரண்டினால் செதிலாக வரும். தென்னையின் கீழ்மட்டைகள் நுனியிலிருந்து கருகின. இளநீர் கரித்தது. இளநீர் கரிக்கும் என்று அதுவரை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

வழக்கு எங்கிருந்து பிறந்தது என்று கேட்டால், அந்தப் பருப்புப் பானையிலிருந்து என்றுதான் சொல்வேன்.

2 பிப்ரவரி, பின்னிரவு

வழக்கின் வரிசையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கரூர்ப் பக்கத்து நொய்யல் வாய்க்கால் விவசாயிகள் 1996இலேயே உயர் நீதிமன்றம் போனார்கள். 2003இல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் (ஆற்றுப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்கள்) பாதுகாப்புச் சங்கம் போட்ட ரிட் மனுதான் பெரிய வழக்கு. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2011 ஜனவரியில் மூடினார்கள்.

3 பிப்ரவரி

நேற்று எழுதியதில் பிழை. திருத்துகிறேன். 2006 தீர்ப்பு ஒட்டுமொத்தமாக மூடச் சொல்லவில்லை. 2007 ஜூலை 31க்குள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலைக்கு வர வேண்டும் என்றது. எங்கள் பக்கத்தில் இதை ஜீரோ டிஸ்சார்ஜ் என்பார்கள். அதுவரை வெளியேற்றுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் பணம் கட்ட வேண்டும்: முதலில் 6 பைசா, சில மாதம் கழித்து 8, அதன் பிறகு 10. அணையைச் சுத்தம் செய்யும் செலவும் பட்டறைகளின் தலையில்.

இந்தப் பைசாக் கணக்கு எனக்கு இந்த வழக்கிலேயே மிகவும் பிடித்த இடம். 6 பைசாவை எட்டுக் கோடி லிட்டரால் பெருக்குங்கள். ஒரு நாளைக்கு 48 லட்சம் ரூபாய். அதுவரை ஆற்றில் விடுவது இலவசம், சுத்திகரிப்பதுதான் செலவு. அபராதம் ஒரே தடவை கட்டுவது, கட்டிவிட்டு மறந்துவிடலாம். லிட்டர் கணக்கு அப்படி அல்ல. இரவு இரண்டு மணிக்கு வால்வைத் திறக்கிறவன் மனதிலும் அந்தக் கணக்கு ஓடும்.

அது மட்டும் போதவில்லை என்பதும் உண்மை. கெடு தள்ளிப் போனது. பட்டறைக்காரர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. 2009 அக்டோபரில் அங்கும், மாசுபடுத்தியவரே ஆற்றையும் நிலத்தையும் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பாகி, மூன்று மாதம் அவகாசம் கிடைத்தது. மூன்று மாதம் ஒரு வருடத்துக்கு மேல் நீண்டது. அவமதிப்பு மனு போட்ட பிறகு, 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாவற்றையும் மூடச் சொல்லி, மின் இணைப்பைத் துண்டிக்கவும் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள்.

3 பிப்ரவரி, மாலை

“சுத்திகரிப்பு நிலையம் அப்போதே இருந்ததே, பிறகு ஏன் மூட வேண்டும்” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இருந்தது. அதில் நிறம் போனது, உப்புப் போகவில்லை. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும். அடர்ந்த நிறமென்றால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கு மேல். துணி உப்பை வைத்துக்கொள்வதில்லை, அத்தனையும் தண்ணீரோடு வெளியே வரும். சுண்ணாம்பு போட்டு, சேற்றை இறக்கி, வடிகட்டினால் தண்ணீர் பார்வைக்குத் தெளிந்துவிடும். தெளிந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து அதிகாரிகளுக்குக் காட்டுவார்கள். லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருக்கக் கூடாது என்பது விதி. குவளையில் அது தெரியாது. பயிருக்குத் தெரியும்.

ஆகவே ஆர்.ஓ. சவ்வில் அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரித்து, மிஞ்சுகிற உப்புக் கரைசலைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் திரும்பவும் பட்டறைக்கே கொடுக்க வேண்டும். செலவு பிடித்த வேலை. நீதிமன்றம் கேட்டது இதைத்தான்.

5 பிப்ரவரி

இரண்டு நாளாக எழுதவில்லை. ஏனென்றால் அடுத்து எழுத வேண்டியது என் மாமாவைப் பற்றி.

மாமா திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். சாயம் கலக்குகிற ஆள். கோடை விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போனால் நானும் மாமா மகனும் பாலத்தில் நின்று இன்று ஆறு என்ன நிறத்தில் வரும் என்று பந்தயம் கட்டுவோம். ஊதா என்றால் எனக்கு ஒரு தேன்மிட்டாய். மாமாவின் விரல் நகங்கள் எப்போதும் நீலமாக இருக்கும். சோறு பிசையும்போது அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

2011 பிப்ரவரியில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலை இல்லை. அவருடன் வேலை செய்த வெளிமாவட்டத்துப் பிள்ளைகளும் வடநாட்டுப் பிள்ளைகளும் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டார்கள். அப்பாரு ஆயக்கட்டுதாரர். உத்தரவு வந்த நாளில் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தவர். அதே திண்ணையில் மருமகனுக்குச் சமமாக உட்கார்ந்து இருவரும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அப்பாரு சொன்னார்: “உன் முதலாளி பதினைந்து வருடம் முன்பே அந்த மிஷினை வாங்கியிருந்தால் உனக்கும் வேலை போயிருக்காது, எனக்கும் கிணறு போயிருக்காது.” மாமா, “முதலாளிக்கு ஆர்டர் கொடுக்கிறவன் டஜனுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்க மாட்டான்” என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் சரி என்று அன்றைக்கே எனக்குப் பட்டது. ஆனால் இன்று யோசிக்கும்போது அப்பாரு சொன்னதுதான் கூடுதலாகச் சரி. 1989இலேயே நொய்யல் உள்ளிட்ட நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கழிவு மிகுந்த தொழிற்சாலை புதிதாக வரக் கூடாது என்று அரசாணை 213 இருந்தது. அதன் பிறகு எத்தனை பட்டறைகள் ஆற்றங்கரையில் முளைத்தன என்பதற்கு எங்கள் மாமாவின் சம்பளச் சீட்டே சாட்சி. சட்டம் இருந்தும் கேட்பாரில்லாமல் விட்டதற்கு 2011இல் வட்டி கட்டியவர் மாமா. மூடச் சொன்ன நீதிபதிகள் மீது எனக்குக் கோபம் இல்லை. அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் மீது இருக்கிறது.

5 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

மாமா பிறகு என்ன ஆனார் என்று கேட்கிறீர்கள். அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உப்புக் கரைசலைத் திரும்பப் பயன்படுத்தும் முறையைச் சோதித்துப் பார்த்து, ஒவ்வொரு நிலையமாகத் திறந்தார்கள். முடியவே முடியாது என்று இரண்டு நீதிமன்றங்களில் வாதாடியது நடந்தது. மாமா ஒரு வருடத்துக்கு மேல் கழித்து வேலைக்குத் திரும்பினார். கலக்குகிற உப்பில் பாதி, தாங்கள் முன்பு கலக்கியதே திரும்பி வருவது என்று அதிசயமாகச் சொல்வார்.

8 பிப்ரவரி

வாணியம்பாடிக்காரருக்கு ஒரு விஷயம். 1996 தீர்ப்பால் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் வழக்கு இல்லையென்றால் எங்கள் வழக்கு இல்லை.

1996 ஆகஸ்ட் 28. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட பொதுநல வழக்கு. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு. 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்று அதில் பதிந்திருக்கிறது. திண்டுக்கல் பக்கம் பதின்மூன்று கிராமங்களில் எடுத்த கணக்கில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்பதை மட்டும்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது சின்ன விஷயம்.

பெரிய விஷயம் வேறு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதும், கெடுதல் நேரும் என்ற நிலையில் முழு நிரூபணம் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதும் இந்த நாட்டின் சட்டம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அதைவிட முக்கியம்: தன் தொழிலால் கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துகிறவருடையது என்றது. யோசித்துப் பாருங்கள். எங்கள் ஆத்தா ரசாயனம் படித்து, எந்தப் பட்டறையின் எந்த உப்பு எங்கள் பானைக்கு வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்று பசுமை அமர்வு அமைக்கச் சொன்னதும் அந்தத் தீர்ப்புதான். சூழல் இழப்பீட்டு ஆணையம் வந்ததும் அதன் வழியாகத்தான். பாலாறு விதைத்ததை நொய்யல் அறுத்தது. உங்கள் ஊருக்கு அந்த அறுவடை வராமல் போனது அநியாயம். அதை மறுக்கவில்லை.

9 பிப்ரவரி

இழப்பீடு பற்றி. ஆணையம் உங்கள் பக்கம் 2001இல் 29,193 பேருக்கு 26.82 கோடி என்று கணக்கிட்டது. எங்கள் பக்கம் 68 கிராமங்களில் 28,596 விவசாயிகளுக்கு 24.79 கோடி. அது 2002 ஆகஸ்ட் முதல் 2004 முடிய ஆன இழப்புக்கு மட்டும். தலைக்கு வகுத்தால் ஒன்பதாயிரத்துக்கும் குறைவு. அறுபது தென்னைக்கு அது விலை ஆகாது. ஒரு தென்னை காய்க்க ஆறேழு வருடம் ஆகும்.

அந்தப் பணத்துக்காக அப்பாரு ஓர் அலுவலகத்துக்கு நடந்த நடை தனிக் கதை. பட்டாவில் பெயருக்கு முன்னால் அவர் அப்பாவின் தலைப்பெழுத்து ஒன்று, குடும்ப அட்டையில் வேறொன்று. ஒவ்வொரு முறையும் வேறொரு தாள் கேட்டார்கள். ஆறாவது முறை, வெள்ளை ஏறிய வாய்க்கால் செதிலை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போய் மேசை மேல் வைத்துவிட்டு வந்தார். “இதில் எந்தத் தலைப்பெழுத்து இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது ஆத்தாவுக்கு இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும்.

2025 தீர்ப்பில் எனக்குப் பிடித்தது இந்த இடம்தான். முதலில் அரசு கொடுக்க வேண்டும், பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளலாம். தொழிற்சாலைக்காரர் கட்டட்டும், பிறகு தருகிறோம் என்று விவசாயியை இருபது வருடம் காக்க வைக்க முடியாது.

9 பிப்ரவரி

ராணிப்பேட்டை நண்பர் தன் ஊர் விபத்தை நினைவூட்டி எழுதியதைப் பார்த்தேன். 2015 ஜனவரி 31. சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் நள்ளிரவில் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். ஆற்றுக்கு வரக் கூடாது என்று நாம் சொன்ன கழிவு எங்காவது சேர்ந்துதான் இருக்கும். திருப்பூரில் காய்ச்சி முடித்த பிறகு மிஞ்சும் கலவை உப்பு இன்னும் மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் கிடக்கிறது. நானும் இதைச் சொல்லாமல் விட்டது சரியல்ல.

15 பிப்ரவரி

முதல் நாள் எழுதியதை மறுபடி படித்தேன். “நிறுத்தியது நீதிமன்றம்தான்” என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். நொய்யலுக்கு அது பொருந்தும். ஆனால் திருப்பூரில் நெருக்கியதும் சில பேர் ஈரோடு, நாமக்கல் பக்கம் நகர்ந்தார்கள். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் அனுமதியில்லாத பட்டறைகளை இடித்ததாகச் செய்தி வந்தபடியே இருக்கிறது. அங்கே விட்டால் நேராகக் காவிரி. ஈரோட்டில் காலிங்கராயன் வாய்க்கால், 1283இல் வெட்டி முடித்தது, எழுநூறு வருடத்துக்கு மேல் நிலம் நனைத்தது, அதில் சாயமும் தோல் கழிவும் இறங்கின. வாய்க்காலுக்குப் பக்கவாட்டில் கழிவுக்கென்று தனி வாய்க்கால் கட்ட வேண்டி வந்தது.

ஒரு ஆற்றுக்கு வாங்கிய தீர்ப்பு அடுத்த ஆற்றுக்குத் தானாகப் பொருந்துவதில்லை. அங்கேயும் ஒரு பருப்புப் பானை, ஒரு சங்கம், பத்து வருடம். இது எனக்கு ஆறவில்லை.

22 பிப்ரவரி

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். மாமாவும் வந்திருந்தார். எதிர்பார்த்ததைவிட மெலிந்திருக்கிறார். நகங்கள் வெளுத்துவிட்டன.

தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிற, பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் விற்கிறதல்லவா, அதை எடுத்துப் போயிருந்தேன். வாளியை இறக்கி மேல்தண்ணீரை மொண்டு அளந்தோம்: 2,380. மாமா, “மேல்தண்ணீர் மழைத்தண்ணீர், அடியிலிருந்து எடு” என்றார். கயிற்றில் கல் கட்டி பாட்டிலை ஆழத்துக்கு விட்டு எடுத்தோம்: 3,910. பதினான்கு வருடமாகச் சாயம் வரவில்லை, உள்ளே போனது இன்னும் வெளியே வரவில்லை. அப்பாரு இருந்தபோது, 2009இல் வேளாண் துறையில் கொடுத்துச் சோதித்த தாள் பெட்டியில் இருக்கிறது. அதில் 6,200. குறைகிறது. மழை நன்றாகப் பெய்த வருடங்களில் கொஞ்சம் வேகமாக, மற்ற வருடங்களில் நின்று நின்று.

அறுபதில் பதினொரு தென்னை உயிரோடு இருக்கிறது. ஒன்றில் ஏறி இளநீர் பறித்தோம். கரிக்கவில்லை என்று மாமா சொன்னார். எனக்குக் கொஞ்சம் கரித்தது. ஆத்தா ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, மீதியையும் குடித்தார்.

14 மார்ச்

ஆறு வாரம் நேற்றோடு முடிந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைக்காரர்களிடம் கேட்கிறேன்: யாருக்காவது பணம் வந்ததா? குழுவிலிருந்து யாராவது கிராமத்துக்கு வந்தார்களா? வரவில்லை என்றாலும் எழுதுங்கள். உத்தரவு நிறைவேறியதா என்று வழக்கு திரும்ப உச்ச நீதிமன்றத்துக்கு வரும். அன்றைக்கு “பெரும்பாலானோருக்குக் கொடுத்துவிட்டோம்” என்று ஒரு பிரமாணப் பத்திரம் அங்கே போகும். 2007இல் எங்களுக்கு அப்படித்தான் போனது. அதை மறுக்கச் சங்கத்துக்காரர்கள் கையில் வைத்திருந்தது, தேதி போட்டு எழுதிய கிணற்றுக் கணக்கு நோட்டுகள். எங்கள் அப்பாருவின் நோட்டில் எழுத்துப்பிழை நிறைய, தேதி மட்டும் ஒன்றுகூடத் தவறவில்லை.

கேள்வி கேட்ட நண்பரே, உங்கள் கிணற்றின் அளவைக் கேட்டு மூன்று முறை எழுதிவிட்டேன். மீட்டர் இல்லையென்றால் முகவரி கொடுங்கள், என்னுடையதை அனுப்புகிறேன். அடியிலிருந்து எடுங்கள்.

14 மார்ச், இரவு

வந்துவிட்டது, நன்றி. 4,650. அடித்தண்ணீர்தானே? தேதியோடு குறித்துக்கொண்டேன்.